நிறம் சாயும் பக்கம்

மஞ்சளில் கருப்பை விட்டால் பச்சை வரும். இதை நான் ஒரு லாரிக் கதவில் கற்றுக்கொண்டேன்.

1992ஆம் ஆண்டு. பெரம்பலூரில் துறையூர் சாலையோரம் ஒரு பட்டறை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஒன்று எங்கோ புளியமரத்தில் உரசி, கதவை நிமிர்த்தி, லப்பம் வைத்து, எங்கள் முன்னால் வந்து நின்றது. வண்டியின் மற்ற பாகமெல்லாம் நாலைந்து வருட வெயில் குடித்து வெளுத்த மஞ்சள். டப்பாவில் இருக்கும் கோல்டன் யெல்லோவை அப்படியே கதவுக்கு அடித்தால் பத்தடி தூரத்திலிருந்தே ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். கொஞ்சம் மங்க வைக்க வேண்டும். மங்க வைக்கக் கருப்புதானே என்று நினைத்தேன். கொட்டாங்குச்சியில் மஞ்சளை ஊற்றி, ஈர்க்குச்சி நுனியில் கருப்பைத் தொட்டு விட்டுக் கலக்கினேன். இன்னும் ஒரு சொட்டு. இன்னும் ஒன்று. பட்டறை நிழலில் வித்தியாசம் தெரியவில்லை. கதவில் இழுத்து முடித்து, லாரியை வெயிலுக்கு எடுத்தபோது கதவு பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது.

எனக்கு அப்போது 17 வயது. வாத்தியார் திட்டவில்லை. எங்கள் தொழிலில் போர்டு எழுதக் கற்றுக்கொடுப்பவரை வாத்தியார் என்றுதான் சொல்வோம். மண்ணெண்ணெய்த் துணியால் கதவைத் துடைக்கச் சொன்னார். புதிதாக ஊற்றிய மஞ்சளில், கத்தரிப்பூ நிறத்தில் எதையோ ஒரே ஒரு சொட்டு விட்டார். கலக்கினார். மஞ்சள் பச்சைப் பக்கமும் போகவில்லை, சிவப்புப் பக்கமும் போகவில்லை. இருந்த இடத்திலேயே அடங்கியது. கதவுக்கு அடித்ததும் பழைய மஞ்சளோடு சேர்ந்துகொண்டது.

"கருப்புல என்னடா இருக்கு?" என்று கேட்டார்.

"கருப்புதான் இருக்கு வாத்தியாரே."

"நீலம் இருக்கு. கரியில நீலம் ஒளிஞ்சிருக்கும். மஞ்சளைப் பார்த்தா வெளிய வந்துரும். நாளைக்கு ஒரு பிளைவுட் துண்டு எடுத்துக்க. சக்கரம் போடணும்."

பிளைவுட்டுக்கு வெள்ளை அடித்து, நடுவில் ஆணி அடித்து, ஆணியில் நூல் கட்டி, நூலின் நுனியில் பென்சிலைக் கட்டிச் சுற்றினால் வட்டம். பெரிய போர்டில் வட்டம் போடுவதும் இப்படித்தான். அதே நூல் நீளத்தை வட்டத்தின் விளிம்பில் வைத்து வைத்து நகர்த்தினால் சரியாக 6 தடவையில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் 12 கட்டம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இதைச் சொல்லியிருப்பார். நூலைப் பிடித்து நகர்த்திய அன்றுதான் எனக்கு அது புரிந்தது.

என் வாத்தியார் கையில் கொடுத்தது மூன்று டப்பா: சிக்னல் ரெட், கோல்டன் யெல்லோ, பிரஷ்யன் நீலம். மூன்றையும் சம தூரத்தில் மூன்று கட்டத்தில் வைக்க வேண்டும். இடையில் இருக்கும் கட்டங்களை இரண்டிரண்டாகக் கலந்து நிரப்ப வேண்டும். வெள்ளை கூடாது, கருப்பு கூடாது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஆரஞ்சு அருமையாக வந்தது, சாமந்திப்பூ மாதிரி. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே வந்த பச்சையில் உயிர் இல்லை, காய்ந்த வேப்பிலை. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் கத்தரிப்பூ வர வேண்டிய இடத்தில் வந்ததை எந்தப் பூவின் பெயராலும் சொல்ல முடியாது. மரத்துப்போன பழுப்பு. நாலு தடவை சுரண்டிவிட்டுப் போட்டேன். நாலு தடவையும் சேறு.

கலக்கத் தெரியவில்லை என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வாத்தியார் இன்னும் மூன்று டப்பாவை எடுத்து வைத்தார். லெமன் யெல்லோ. கிரிம்சன் சிவப்பு. அல்ட்ராமரைன் நீலம். "இப்ப போடு" என்றார்.

எலுமிச்சை மஞ்சளோடு பிரஷ்யன் நீலத்தைச் சேர்த்தேன். கிளிப்பச்சை எழுந்து வந்தது. கிரிம்சனோடு அல்ட்ராமரைனைச் சேர்த்தேன். கத்தரிப்பூ. வயலில் பூத்து நிற்பதே வந்து அந்தக் கட்டத்தில் உட்கார்ந்தது போல. என் கையில் குறை இல்லை, டப்பாவில் விஷயம் இருந்தது.

அன்றைக்கு வாத்தியார் சொன்னதை வைத்துத்தான் முப்பது வருடமாகச் சாப்பிடுகிறேன். உலகத்தில் வெறும் சிவப்பு என்று ஒரு டப்பா கிடையாது. மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு உண்டு, நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பு உண்டு. சிக்னல் ரெட் மஞ்சள் பக்கம் சாய்கிறது. பிரஷ்யன் நீலம் பச்சைப் பக்கம் சாய்கிறது, அதாவது அதற்குள்ளும் மஞ்சள் வாடை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் ஒரே கொட்டாங்குச்சிக்குள் வந்துவிடுகின்றன. மூன்றும் சேர்ந்தால் ஒன்றையொன்று கொல்லும். சேறு அதனால்தான். ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கும் இரண்டைச் சேர்த்தால் நிறம் பளிச்சென்று வரும். முதுகைத் திருப்பிச் சாய்ந்திருக்கும் இரண்டைச் சேர்த்தால் அடங்கும். அடங்கிய நிறமும் வேண்டியதுதான். வேண்டும்போது வர வேண்டும், அவ்வளவுதான்.

சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டப்பாவைத் திறந்து பார்த்தால் தெரியாது, அடர்த்தி கண்ணை ஏமாற்றும். ஒரு சொட்டை வெள்ளையில் விட்டுக் கலக்க வேண்டும். அல்லது உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டில் விரலால் மெல்ல இழுக்க வேண்டும். அல்ட்ராமரைன் மெலிந்த இடத்தில் ஊதா தெரியும். பிரஷ்யன் மெலிந்த இடத்தில் கடல் தெரியும். இரண்டும் டப்பாவில் ஒரே மாதிரி கருநீலம்தான்.

பெயரை நம்பிக் கலக்கக் கூடாது என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சே சாட்சி. பெரம்பலூர் கிராமங்களில் ஒருவர் "ஊதா அடிங்க" என்றால் நீலத்தைச் சொல்கிறாரா கத்தரிப்பூவைச் சொல்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டையும் ஊதா என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே ஆட்கள் சேலை நிறம் சொல்லும்போது தராசு மாதிரிச் சொல்வார்கள். மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், அரக்கு, வெங்காயத்தோல். சின்ன வெங்காயம் விளையும் ஊரில் வெங்காயத்தோல் என்றால் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு ஊதா, எவ்வளவு பழுப்பு என்று யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் என் சக்கரத்தில் கட்டங்களுக்கு வெளியே சேலைப் பெயர்களை எழுதி வைத்தேன். வீட்டுக்கு நிறம் கேட்டு வரும் பெண்களிடம் இன்றைக்கும் ஷேடு கார்டைக் கடைசியில்தான் நீட்டுவேன்.

ஷேடு கார்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 5 என்று பெயிண்ட் நிறங்களுக்கே ஒரு பட்டியல் இருக்கிறது. ஸ்கை ப்ளூ 101, லெமன் யெல்லோ 355, கோல்டன் யெல்லோ 356, சிக்னல் ரெட் 537, போஸ்ட் ஆபீஸ் ரெட் 538. அரசாங்க வேலையில் இந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். எண் புது டப்பாவுக்குச் சரி. பத்து வருடம் வெயிலில் நின்ற 101க்கு எந்தப் பட்டியலிலும் எண் கிடையாது. எங்களுக்கு வரும் வேலையில் பாதி அந்த மாதிரிதான்.

1995இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் வந்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம், எங்களுக்கு வேலை. பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், நூலகம், பால் பண்ணை, எல்லா போர்டிலும் கடைசி வரியில் 'திருச்சி மாவட்டம்' என்று இருந்தது. முழு போர்டையும் அடிக்க யாரிடமும் காசு இல்லை. "மாவட்டம் பேரை மட்டும் மாத்திக் குடுங்க" என்பார்கள். அந்த ஒரு வரியை மூடப் பின்னணி நிறத்தில் ஒரு பட்டை அடித்து, காய்ந்த பிறகு வெள்ளையில் எழுத வேண்டும். எழுத்து பத்து நிமிட வேலை. அந்தப் பட்டையின் நீலத்தைப் பழைய நீலத்தோடு சேர்ப்பதுதான் அரை நாள் தின்னும். சக்கரத்தை நான் உண்மையில் படித்தது அடுத்த இரண்டு வருடத்தில்.

ஒரு நீல போர்டு வெளுக்கும்போது வெறுமனே வெள்ளை கூடுவதில்லை. மேல்தோல் சுண்ணாம்பு பூத்தது போலாகும். சில நீலம் பச்சைப் பக்கம் நகரும், சில நீலம் சாம்பலாகும். புது நீலத்தில் முதலில் வெள்ளை விட்டு வெளிச்சத்தைச் சமன் செய்வேன். பிறகு சக்கரத்தில் நீலத்துக்கு நேர் எதிரே இருக்கும் ஆரஞ்சில் ஈர்க்குச்சி நுனி அளவு. நீலத்தின் மினுமினுப்பு அதில் அடங்கும். இன்னும் பச்சை வேண்டுமென்றால் எலுமிச்சை மஞ்சள், கோல்டன் யெல்லோ அல்ல. கலந்ததைப் போர்டிலேயே ஒரு மூலையில் பொட்டு வைத்து, காய்ந்த பிறகு பார்ப்பேன். எனாமல் காய்ந்தால் கொஞ்சம் அடர்ந்து தெரியும். சுண்ணாம்பு காய்ந்தால் நன்றாக வெளுக்கும். ஈரத்தில் சரியாக இருக்கும் நிறம் மறுநாள் சரியாக இருக்காது. பார்க்க வேண்டியது காலை நேர நிழலில். மஞ்சள் தெருவிளக்கடியில் நிறம் பார்த்து வேலையை ஒப்புக்கொண்டால் மறுநாள் மீண்டும் ஏணி ஏற வேண்டியதுதான்.

2001இல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. அங்கே எனக்கு நிறைய போர்டு வந்தது, ஒரு பெரிய தப்பும் வந்தது. அரியலூரின் காற்றிலேயே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. பல கோடி வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடலின் கிளிஞ்சலும் சேறும் இறுகித்தான் இன்றைக்கு சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் கல். லாரி போகும் சாலையோரம் எந்த போர்டும் ஒரு மாதத்தில் மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய்விடும். நீலம் வான நீலமாகத் தெரியும், சிவப்பு வெங்காயத்தோலாகத் தெரியும். நான் கண்ணுக்குத் தெரிந்த நிறத்துக்கே கலந்தேன். பட்டை அற்புதமாகச் சேர்ந்தது. ஐப்பசி மழை வந்தது. தூசி கழுவிக்கொண்டு போக, போர்டு முழுக்கக் கருநீலமாக நின்றது. என் பட்டை மட்டும் வெளிறிய செவ்வகமாக, 'அரியலூர் மாவட்டம்' என்ற எழுத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. ஒன்றல்ல, அந்தச் சாலையில் ஆறு போர்டு. என் செலவில் ஆறையும் திருத்தினேன். அன்றிலிருந்து அரியலூரில் ஏணி வைத்ததும் முதல் வேலை, சோப்புத் தண்ணீரில் போர்டில் ஒரு சாண் அளவைக் கழுவி, கழுவிய இடத்தைப் பார்த்து நிறம் கலப்பது.

திருத்திய போர்டுகள் சரியாகக் காயக்கூட இல்லை. 2002இல் மாவட்டத்தை மீண்டும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007இல் அரியலூர் மறுபடி தனி மாவட்டம். ஒரே வரியை ஒரே ஆள் ஒரே போர்டில் இத்தனை தடவை மூடி எழுதியது வேறு எந்த மாவட்டத்திலாவது உண்டா, தெரியவில்லை.

நடுவில் அரியலூர் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் என் பிளைவுட் சக்கரத்தைப் பார்த்துவிட்டு நியூட்டனைப் பற்றிச் சொன்னார். பட்டகத்தில் வெளிச்சத்தைப் பிரித்து, ஏழு நிறத்தையும் ஒரு வட்டமாக வளைத்து, 1704இல் தன் ஒளியியல் புத்தகத்தில் போட்டவர். சக்கரம் வேகமாகச் சுற்றினால் வெள்ளையாகத் தெரியும் என்று கேட்டதும், அட்டையில் ஒன்று செய்து சைக்கிள் பின்சக்கரத்தில் கட்டி மிதித்துப் பார்த்தேன். வெள்ளை வரவில்லை, சாம்பல் வந்தது. ஆசிரியர் விளக்கினார்: வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் கூடும், பெயிண்ட் ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டு மீதியைத்தான் திருப்பி அனுப்பும். கலக்கக் கலக்கத் தின்பவர்கள் கூடுகிறார்கள். கொட்டாங்குச்சியில் சேறு வருவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்கு யாரும் சொல்லவில்லை. நிறத்தைக் கண் எப்படிப் பார்க்கிறது என்று கடைசிக் காலத்தில் ஆராய்ந்து 1968இல் ஒரு புத்தகமே எழுதிய சர் சி.வி. ராமன் பிறந்தது நம் திருச்சியில்தான் என்பதையும் அந்த ஆசிரியர்தான் சொன்னார்.

சக்கரம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு, அதை நான் ஒரு கோயில் மதிலில் கற்றேன். சுண்ணாம்பில் நீலம் கலந்து ஒரு பட்டை அடிக்கச் சொன்னார்கள். என்னிடம் இருந்த பிரஷ்யன் நீலத்தையே கலந்தேன். சாயங்காலம் அழகாக இருந்தது. நாலைந்து நாளில் மதில் துருப்பிடித்தது போல் பழுப்புத் திட்டாகிவிட்டது. பிரஷ்யன் நீலம் இரும்பிலிருந்து செய்தது. சுண்ணாம்பின் காரம் அதைத் தின்றுவிட்டு இரும்பின் துருவை மட்டும் மிச்சம் வைக்கும். அல்ட்ராமரைனுக்குச் சுண்ணாம்பு ஒன்றும் செய்யாது. நம் பாட்டிகள் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்தார்களே, அது இந்த நீலம்தான். அதற்கு எதிரி அமிலம். வாத்தியார் லாரி பேட்டரியின் ஆசிட்டில் ஒரு சொட்டை நீலப்பொடியில் விட்டுக் காட்டினார். நிறம் செத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தது.

அதன் பிறகு சித்தன்னவாசல் குகைக் கோயிலுக்குப் போனபோது நான் கூரை ஓவியத்தை வேறு கண்ணால் பார்த்தேன். தாமரைக் குளத்தை வரைந்தவர்கள் சுண்ணாம்பைத் தாங்கும் நிறங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். காவி, மஞ்சள் காவி, பச்சை மண், கரி. எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கண்டுபிடித்த சோழர் ஓவியத்திலும் பெரும்பகுதி மண் நிறங்கள்தான். ஊருக்கு வந்ததும் காரை கிராமத்துக்குப் போய், ஓடைக்கரையில் மஞ்சள் படிந்த மண்ணை ஒரு பை அள்ளி வந்தேன். தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் இறங்கியதும் மேல்கலங்கலை வேறு பாத்திரத்தில் இறுத்து, அது தெளிந்து காய்ந்தால் வண்டல் கிடைக்கும். அதுதான் நிறம். அதில் பாதியை இரும்புத் தோசைக்கல்லில் வறுத்தேன். கண் முன்னால் மஞ்சள் செங்கல் சிவப்பாக மாறியது. அந்த இரண்டையும் விளக்குக் கரியையும் வைத்து நான் போட்ட சக்கரத்தில் பளிச்சென்று ஒரு கட்டமும் இல்லை. மஞ்சளும் கரியும் சேர்ந்த இடத்தில் ஆலிவ் காய் மாதிரி ஒரு பச்சை. லாரிக் கதவில் என்னை அழ வைத்த அதே பச்சை, இங்கே தேவைப்பட்டது.

பிளெக்ஸ் வந்து போர்டு வேலை பாதியானதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் ஒரு லென்ஸை வைத்து பிளெக்ஸைப் பார்த்தேன். வான நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலே நிறப் புள்ளிகள். சிவகாசி காலண்டரிலும் அதே நாலு. மெஜந்தாவைப் பார்த்ததும் என் முதல் சக்கரத்தின் அழுக்குக் கட்டம் ஞாபகம் வந்தது. நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பு இல்லாமல் ஊதா கிடைக்காது என்பதை அச்சுக்காரர்கள் என்றைக்கோ கணக்குப் போட்டு முடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது தடவை சக்கரம் போட வேண்டி வந்தது ஈயத்தால். அந்தக் காலத்துக் கோல்டன் யெல்லோவின் பிரகாசமும், ஒரே கையில் கீழ்நிறத்தை மூடும் சக்தியும் ஈயம் கலந்த குரோம் மஞ்சளால் வந்தது. அது உடம்புக்கு விஷம், பிள்ளைகளுக்கு ரொம்பவே. பழைய மஞ்சளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூசியோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் நாங்கள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. 2016இல் விதி வந்து, 2017 நவம்பரிலிருந்து வீட்டு, அலங்காரப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றானது. வந்ததே நல்லது. ஆனால் நான் வாங்கிய புது மஞ்சள்கள் மெலிவாக மூடின, சாய்வும் வேறு. பழைய சக்கரத்தின் கணக்கில் கலந்தால் பச்சை தப்பாக வந்தது. அதனால் புது டப்பாக்களை வாங்கி, நூலும் ஆணியும் எடுத்து, 42 வயதில் மறுபடியும் 12 கட்டம் போட்டேன். அச்சடித்த சக்கரத்தைச் சுவரில் மாட்டிக்கொள்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அது வேறு யாருடைய டப்பாவோ. உங்கள் டப்பாக்களை வைத்து நீங்கள் போடுங்கள்.

போன வருடம் செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தின் தகர போர்டைப் புதுப்பிக்க எடுத்தோம். என்னோடு ஐ.டி.ஐ. படித்த ஒரு பையன் வேலை பழகுகிறான். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தண்ணீர் நனைத்த உப்புத்தாளால் கடைசி வரியைத் தேய்த்தான். மாவட்டப் பெயர் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தது. அரியலூர், பெரம்பலூர், அரியலூர், பெரம்பலூர், அடியில் திருச்சி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நீலம், வெங்காயத்தை உரித்ததுபோல் வளையம் வளையமாக.

"அண்ணே, இதெல்லாம் நீங்க கலந்ததா?"

திருச்சியின் நீலம் மட்டும் என்னுடையதல்ல. மற்றவை எல்லாம் என் கை. அதில் ஒன்று பச்சைப் பக்கம் போயிருந்தது, அது 1995. வெளிறியது 2001, தூசியைப் பார்த்துக் கலந்தது. 2007இன் நீலம்தான் திருச்சியின் நீலத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றது.

பையன் அந்த நீலத்துக்குக் கலக்கத் தொடங்கினான். அல்ட்ராமரைன், வெள்ளை, ஈர்க்குச்சி நுனியில் ஆரஞ்சு. ஒரு பொட்டு வைத்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னும் ஒரு சொட்டு விடவா அண்ணே?"

"காயட்டும்டா. காலையில பார்க்கலாம்."

அவன் டப்பாவை மூடி, போர்டைத் திண்ணை நிழலில் சாய்த்து வைத்தான்.